இவ்வளவு போதும்

"நான் கணக்குல தப்புப் போட்டா எங்க மிஸ்ஸைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களாப்பா?"

இரண்டாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் தேன்மொழி இப்படிக் கேட்டபோது இசக்கிராஜ் வாய்விட்டுச் சிரித்தான். சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே, "உங்க மிஸ்ஸை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்கட்டி. அது எங்களை மாதிரி இன்ஜினியருக்குப் படிச்சவங்களுக்கு மட்டுந்தான்" என்றான்.

"அப்ப உங்க மிஸ்ஸைப் பிடிப்பாங்களா?"

அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வேலைக்கு நேரமாகியிருந்தது. குழந்தைகள் கேட்பதில் பாதிக்கு மேல் நாம் அப்படித்தான் விட்டுவிட்டுப் போகிறோம்.

ஒரு மனிதன் எடுக்கும் முடிவு, அவன் என்றைக்கோ கேட்ட எந்தப் பாடத்தின்மேல் நிற்கிறது என்பதை அவன் மூளையிலேயே பார்த்துவிடலாம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். தடம் பார்ப்பது என்று அதற்குப் பெயர். கெட்ட எண்ணத்தில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நினைவு தப்பிய நோயாளிகளுக்கு உதவத்தான் முதலில் செய்தார்கள். பிறகு எங்கோ ஒரு கட்டடம் விழுந்தது. கட்டியவன் தப்பா, கற்பித்தவன் தப்பா என்ற பேச்சு எழுந்தது. பயிற்சிப் பொறுப்புச் சட்டம் வந்தது. பொறியாளன் செய்த பிழையின் தடம், பாடத்திட்டத்துக்கு வெளியே ஆசிரியர் சொன்ன ஏதோ ஒன்றில் போய் முடிந்தால், பழியில் பாதி அந்த ஆசிரியருக்கு. நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதன்பின் பொறியியல் கல்லூரிகள் மெல்ல மெல்ல அமைதியாகிவிட்டன. அனுமதி பெற்ற பாடத்தை ஆசிரியர்கள் வரிக்கு வரி வாசித்தார்கள். பையன்கள் அவர்களுக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்தார்கள். சந்தேகம் கேட்க ஒருவன் நோட்டோடு எதிரே வந்தால், ஆசிரியர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் பையன் ஒதுங்கி வழிவிடுவான். இசக்கிராஜ் அந்தக் காலத்தில் படித்தவன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவன்தான்.

இப்போது தேன்மொழி நான்காம் வகுப்பு. அந்த ஐப்பசியில் விளாத்திகுளம் பக்கம் ஒரு சாலையோரம் இசக்கிராஜ் கட்டிய தாங்குசுவர் விழுந்தது. மேட்டு மண் சரியாமல் இருக்க எழுப்பிய சுவர் அது. கட்டி ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் போகவில்லை. சாரலுக்கு ஒதுங்கி அதன் ஓரத்தில் நின்ற அன்னக்கிளி என்ற ஆடு மேய்க்கும் பெண்ணின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. மூன்று ஆடுகளும் போயின.

திருநெல்வேலித் தீர்ப்பாயத்தில் தடம் பார்க்கும் வேலையில் இருந்தவள் ரஷீதா. அவன் தலையில் குல்லாய் போன்ற ஒன்றை மாட்டிவிட்டு, எதிரே திரையில் சுவரின் படத்தைப் போட்டாள்.

"கண்ண மூடிக்கோங்க சார். சுவத்துக்குப் பின்னாடி வெறும் மண்ணை நெரப்புங்கன்னு சொன்னீங்கல்லா, அந்த நேரத்தை நெனைங்க. பதறாதீங்க. மூச்சு விடுங்க."

"விட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"அப்படித் தெரியல."

திரையில் ஏதோ ஓடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"வந்துருச்சு. சின்னதுதான். 'இவ்வளவு போதும்.' எடம் உங்க காலேஜ் கேன்டீன். எதுத்தாப்புல ஹெப்சிபான்னு ஒரு மேடம். பேச்சு தாங்குசுவரைப் பத்தி. பாடத்துல இல்லாதது."

அவன் கண்ணைத் திறந்தான். "மேடமா சொன்னாங்க? குரல் யாரோடதுன்னு தெரியாதா?"

"தடத்துல குரல் நிக்காது சார். பொருள் மட்டுந்தான் நிக்கும். சார், மேடம், அண்ணாச்சின்னு கூப்பிடுதோம்ல, அதுகூட நிக்காது. செருப்பைக் கழட்டுத மாதிரி மூளை அதையெல்லாம் வாசல்லயே கழட்டிப் போட்டுரும். பாடம் நடக்கிற எடத்துல வந்த சொல்லை, பாடம் எடுத்தவங்க சொன்னதாத்தான் சட்டம் எடுத்துக்கிடும்." குல்லாயைக் கழற்றியபடி அவள் சொன்னாள்: "அதுல மாத்தம் இருந்தா, தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி தனியறைக்குப் போய் நீங்க சொல்லலாம். வக்கீல் வரக் கூடாது, நானும் வர மாட்டேன், கேமரா கெடையாது. முன்னாடியெல்லாம் மொதலாளிமாரு மெரட்டி, வாத்தியார் மேல பழியைப் போடச் சொன்னாங்க. அதுக்காகக் கொண்டுவந்தது. உள்ள என்ன சொன்னீங்கன்னு வெளிய வராது. 'ஆசிரியர் தொடர்பு உறுதியாகவில்லை'ன்னு ஒரு வரி மட்டும் தீர்ப்புல வரும்."

"வந்தா?"

"வந்தா முழுப் பொறுப்பும் உங்களுக்கு."

வெளியே வந்ததும் வழக்கறிஞர் கோமதிநாயகம் அவன் தோளைத் தட்டினார்.

"தம்பி, பொழைச்சிட்டீரு. தனியா மாட்டியிருந்தா உரிமம் ஆயுசுக்கும் போயிருக்கும். இப்ப பாதிதான். ஒரு வருசம் வீட்டுல உக்காந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்குடும். ஆனா பாத்துச் சொல்லிக்குடும், அதுக்கும் தடம் பாத்துரப் போறான்."

"மேடத்துக்கு என்ன ஆகும் சார்?"

"இனிமே எங்கயும் பாடம் எடுக்க முடியாது. வீட்டுல டியூஷன்கூட முடியாது. அதெல்லாம் அவங்க வக்கீல் பாத்துக்கிடுவாரு. ஒம்ம பாட்டை நீரு பாரும்."

தன் பாட்டைப் பார்க்கத்தான் இசக்கிராஜுக்கு முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. துடைத்த ஸ்கூட்டரையே மறுபடி துடைத்தான். மொட்டை மாடிக்கு ஏறினான், எதற்கு ஏறினோம் என்று மறந்து இறங்கினான். ஹெப்சிபா மேடம் அப்படிச் சொல்லியிருப்பாரா? கேன்டீன் நினைவிருந்தது. அன்று அவன் இரண்டு ஆசிரியர்களிடம் போய், இருவரின் செல்போனையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். மேடம் ஒருவர்தான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா சந்தேகம்?" என்றார். மேசையில் சிந்தியிருந்த டீயில் விரலை வைத்து ஒரு சுவர் வரைந்தார்.

"தண்ணி கெட்டது இல்லப்பா. மாட்டிக்கிட்ட தண்ணிதான் சுவத்தைத் தள்ளும். போறதுக்கு வழி விட்டுட்டா அது பாட்டுக்குப் போயிரும்."

அந்த டீக்கறையில்தான் அவனுக்கு முதல் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் கேட்டவர்கள் அதே சுவரைக் கேட்டார்கள். மற்ற பையன்கள் பாடத்தை ஒப்பித்தார்கள். இவன் மட்டும் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்துச் சொன்னான். பிறகு எத்தனையோ சுவர்கள் கட்டினான், விளாத்திகுளம் வரை எதுவும் விழவில்லை. மேடத்தை ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லவேண்டும் என்று வருஷா வருஷம் நினைத்ததோடு சரி.

கேன்டீனும் மேடமும் டீயும் எல்லாம் நினைவிருந்தது. அந்த ஒரு சொல் மட்டும் எந்த வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தது.

மனைவி மாரிச்செல்வி இரண்டாவது தடவை சோறு வைக்க வந்தாள். அவன் தட்டுக்கு மேலே கையை நீட்டி, "இவ்வளவு போதும்" என்றான்.

"என்னத்த போதும்? ரெண்டு வாய்கூட உள்ள போகல. கைய எடுங்க."

கையை எடுக்கவில்லை. நீட்டிய கையை அவனே பார்த்துக்கொண்டிருந்தான். அதே கை, அதே மாதிரி, டீ சிந்திய மேசைக்கு மேலே ஒருமுறை நீண்டிருந்தது.

மேடம் சொல்லி முடித்திருக்கவில்லை. "இது சாதாரண மண்ணுக்கு. நம்ம பக்கத்துக் கரிசலுக்கு இன்னொண்ணு இருக்கு" என்று ஆரம்பித்திருந்தார். வெளியே கல்லூரிப் பேருந்து ஆரன் அடித்தது. இதெல்லாம் பரீட்சையில் வராது. அவன் கையை நீட்டினான். "இவ்வளவு போதும் மேடம்." மேடம் சிரித்துக்கொண்டே ஆறிப்போன டீயை எடுத்தார்.

ஈரம் பட்டால் கரிசல் ஊதும் என்று அவன் எந்தப் பாடத்திலாவது படித்திருப்பான். ஆனால் சுவருக்குப் பின்னால் அந்த மண்ணை ஒட்ட வைக்காமல் நடுவே சல்லி போடவேண்டும் என்பது, மேடம் சொல்லவிருந்த அந்த இன்னொன்று. விளாத்திகுளத்துக் கரிசலில் கொத்தனார், "சார், பின்னாடி வேற எதுவும் நெரப்பணுமா?" என்று கேட்டபோது, இசக்கிராஜின் உள்ளே அந்தக் கேன்டீனிலிருந்தே ஒரு பதில் தயாராகக் கிடந்தது.

"என்னங்க, என்ன செய்யுது?" என்றாள் மாரிச்செல்வி.

"ஒண்ணுமில்ல ஏளா. வை."

அவள் வைத்தாள். அவன் பிசைந்தான். சாப்பிடவில்லை. தேன்மொழி தன் தட்டிலிருந்த அப்பளத்தில் பாதியை ஒடித்து அவன் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள்.

விசாரணை நாளில் தீர்ப்பாயத்தின் காத்திருப்புக் கூடத்தில் இருந்ததே ஒரு மின்விசிறி. அதன் கீழே இருந்த பெஞ்சில் ஹெப்சிபா மேடம் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் கைப்பை. இவனைக் கண்டதும் நகர்ந்து, காற்று படும் பக்கத்தை இவனுக்கு விட்டார்.

"உக்காரு இசக்கி. வேர்த்து ஊத்துதே. சாப்பிட்டியா?"

"மேடம், என் பேரு ஞாபகம் இருக்கா?"

"அந்தக் காலத்துல என்கிட்ட வந்து சந்தேகம் கேட்ட பிள்ளைங்களை விரல் விட்டு எண்ணிரலாம். பேரு எப்படிப்பா மறக்கும்? வழக்கைப் பத்திப் பேசக் கூடாதாம். அதனால வேற ஏதாவது பேசுவோம். பிள்ளை இருக்கா?"

"ஒரு பொண்ணு மேடம். நாலாம் வகுப்பு."

"கேள்வி கேக்காளா?"

"கேக்கா."

"சந்தோசம்."

பிறகு மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அன்னக்கிளியம்மாவப் போய்ப் பாத்தியா?"

"வக்கீல் போகக் கூடாதுன்னுட்டாரு."

"என் வக்கீலும் அப்படித்தான் சொன்னாரு. நான் போயிட்டு வந்துட்டேன். அவங்களுக்குக் காலைப் பத்திகூட அவ்வளவு இல்லப்பா, மிச்ச ஆட்டை யாரு பாக்கான்னுதான் கவலை. நான் யாருன்னு சொன்னேன். கேட்டுட்டு, யாரோ வாங்கிக் குடுத்த ஆரஞ்சுப் பழத்தை என் கையில வச்சு, வெயில்ல வந்திருக்கே, தின்னுன்னு சொல்லுதாங்க." மேடம் கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல இசக்கி. எத்தனை பிள்ளைங்க, எத்தனை டீ. கரிசலைப் பத்தி உங்கிட்டச் சொன்னேனா, சொல்லாம விட்டேனா? அதான் ராத்திரியும் பகலும் மண்டையக் கொடையுது."

"மேடம், அது வந்து..."

"ஹெப்சிபா ஞானமணி" என்று கதவருகே நின்ற சேவகர் கூப்பிட்டார்.

மேடம் எழுந்து சேலையைச் சரிசெய்தார். "ஜெபம் பண்ணிக்கோப்பா, ரெண்டு பேருக்கும் சேத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவன் வாயிலிருந்த சொல் அப்படியே நின்றது. எழுந்து கதவு வரைக்கும் போனான், திரும்பினான், மறுபடி போனான். சேவகர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சார், பாத்ரூம் அந்தப் பக்கம்."

மேடம் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கோமதிநாயகம்தான் சிரித்த முகத்தோடு வந்தார். அவனை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நம்ம வேலையை அந்தம்மாவே முடிச்சுக் குடுத்துட்டாங்க தம்பி. எனக்கே சங்கடமாப் போச்சு. நீதிபதி கேக்காரு, நீங்கதான் சொன்னீங்கன்னு நல்லா ஞாபகம் இருக்கான்னு. இல்லைங்காங்க. பின்ன எப்படி உங்க மேல எடுத்துக்கிடுதீங்கன்னாரு. அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?"

"என்ன சொன்னாங்க?"

"யாருமே பதில் சொல்லாத காலத்துல என்னத் தேடி வந்து கேட்ட பையன், போதும்னு சொல்லுவானா? கேக்க வந்த பிள்ளை போதும்னு சொல்லாது. அதனால நான்தான் சொல்லியிருப்பேன். இதாம் பதில். அவங்க வக்கீல் தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தனியறைக்கெல்லாம் நீரு போக வேண்டாம். ஒத்துக்கிட்ட பிறகு அதுக்குத் தேவையே இல்ல. வாரும், ஆளுக்கொரு டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புவோம்."

"எனக்கு டீ வேண்டாம் சார்."

"அப்ப காபி."

"நீங்க போங்க. பாத்ரூம் போயிட்டு வாரேன்."

அவர் படியிறங்கிப் போனார். இசக்கிராஜ் வராந்தாவின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் எதுவும் செய்யவேண்டாம். இதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஒரு பொய்கூடச் சொல்லவேண்டாம். டீக்கடைக்கு நடந்தால் போதும், வாழ்க்கை பழையபடி கிடைத்துவிடும். ஒரு வருஷம் போனால் மறுபடி வேலை, வீட்டுக் கதவில் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகள், கல்யாண வீடுகளில் "இன்ஜினியர் வாராரு" என்று யாராவது நாற்காலி இழுத்துப் போடுவது. அவன் அப்பா சாகும்வரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்ஜினியர் என்றுதான் கூப்பிட்டார்.

அந்தப் பக்கம் மேடம். அவர் ஏமாந்ததுகூட அவனை நல்லவன் என்று நம்பியதால்தான். உலகத்தில் நம்மேல் யாராவது வைக்கும் இப்படிப்பட்ட நம்பிக்கை, பிச்சையாகக்கூடக் கிடைக்காத பொருள். அது கிடைத்த பிறகு மனிதன் இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும். அதற்குப் பொருத்தமானவனாக ஆக வேண்டும், இல்லையென்றால் அதைத் தின்று வாழ வேண்டும்.

அவன் ரஷீதாவின் அறைக்குப் போனான். அவள் சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"தனியறை எந்தப் பக்கம்மா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அதான் அவங்களே..." என்று ஆரம்பித்தவள், மேலே கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். அது அவள் வேலை மட்டும் அல்ல, அவள் குணமும். "கடைசிக் கதவு சார். உள்ள தாழ்ப்பாள் இருக்கு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

சிறிய அறை. ஒரு நாற்காலி, ஒரு திரை, மேலே ஒரு மின்விசிறி. சுவர் வெள்ளையாக இருந்தது. ஜன்னல் இல்லை. தாழ்ப்பாளைப் போட்டதும் வெளியே இருந்த சத்தமெல்லாம் அறுந்துபோயிற்று. நெடுநாளாக உட்காரமுடியாமல் அலைந்தவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

யாரும் பார்க்காத இடத்திலும் கடவுள் பார்ப்பார் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன்தான் அவன். ஆனால் அந்த அறையில் கடவுளும் கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டதாகத்தான் அவனுக்குத் தோன்றியது, பையன் தானாகச் செய்யட்டும் என்பது போல.

திரையில் எழுத்து வந்தது.

'இவ்வளவு போதும்.' இதைச் சொன்னவர் யார்?

கீழே இரண்டு கட்டங்கள். கற்பித்தவர். கற்றவர்.

இனி அவன் எந்தச் சுவரும் கட்டப்போவதில்லை என்பதும், மாரிச்செல்வி இதைத் தடம் பார்க்கும் பொறியின் கோளாறு என்று நினைத்து வருஷக்கணக்காகத் திட்டப்போகிறாள் என்பதும், கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொள்ளப்போகிறார் என்பதும் அவனுக்குத் தெரியும். அவர்களிடம் அவன் சொல்லப்போவதில்லை. மேடத்திடமும்தான். அவர் தபாலில் ஒரு வரியைப் படித்து, ஒன்றும் விளங்காமல் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, மறுநாள் வகுப்புக்குப் போவார். யாராவது ஒரு பிள்ளை சந்தேகத்தோடு எதிரே வரும். அவர் செல்போனை எடுக்கமாட்டார்.

கற்றவர் என்ற கட்டத்தைத் தொட்டான்.

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வழக்கமான கேள்வி ஒன்றைக் கேட்டது.

'இவ்வளவு போதும்.' இதில் விடுபட்ட சொல் ஏதும் உண்டா? இருந்தால் சொல்லவும்.

கட்டாயம் இல்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அவன் எழுந்து நின்றான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுவது போல, அந்த வெறும் அறையில், நேராக நின்றான்.

"மேடம்" என்றான்.

திரை அணைந்தது. அவன் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினான்.